இந்தக் கோப்பை யார் திறப்பது?

விழுப்புரம் சந்திப்பின் நடைமேடையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அங்கிருந்து ஐந்து திசைகளில் இருப்புப் பாதைகள் பிரிகின்றன. வடக்கே திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஒன்று. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று. கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூருக்கு ஒன்று. திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. கிழக்கே புதுச்சேரிக்கு ஒன்று. சென்னையிலிருந்து வரும் வண்டி இவற்றில் எந்தப் பாதையில் போகும்? பேருந்து ஓட்டுநரைப் போல ரயில் ஓட்டுநர் வண்டியைத் திருப்ப முடியாது. தண்டவாளம் பிரியும் இடத்தில் 'பாயிண்ட்' எந்தப் பக்கம் பொருத்தப்பட்டிருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் வண்டி போகும்.

கணிப்பொறியில் ஒரு கோப்பின் மேல் சுட்டியை வைத்து இருமுறை சொடுக்கும்போதும் இதுதான் நடக்கிறது. கோப்பு தானாகத் திறந்துகொள்வதில்லை. அதற்கு அந்தத் திறமை கிடையாது. எங்கோ ஓர் இடத்தில், "இந்த வகைக் கோப்பு வந்தால் இந்த நிரலிடம் அனுப்பு" என்று எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிரலை இயல்பு நிரல் என்போம். எழுதிவைத்தது சரியாக இருந்தால், அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. தவறாக இருந்தால்தான் வம்பு.

திண்டிவனத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பழைய கணிப்பொறி ஒன்று, அதில் லினக்ஸ். இயற்பியல் பாடநூலை இணையத்திலிருந்து இறக்கிவைத்திருக்கிறாள். அது பிடிஎஃப் கோப்பு. நேற்று வரை ஒழுங்காகத் திறந்தது. இன்று காலை, படங்களைத் திருத்தும் கிம்ப் என்ற நிரலை நிறுவினாள். மாலையில் பாடநூலைச் சொடுக்கினால் புத்தகம் வரவில்லை. கிம்ப் எழுந்து வந்து, "எந்தப் பக்கத்தைப் படமாக எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேட்கிறது! மறுநாள் தேர்வு. புத்தகமே கெட்டுவிட்டதோ என்று அவள் பயப்படுவாளா, மாட்டாளா?

புத்தகத்திற்கு ஒன்றும் ஆகவில்லை. கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பாயிண்ட் வேறு பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். இதை அறியாமல் பலர் கணிப்பொறியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சில கடைகளில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருக்கிறார்கள்: வட்டையே துடைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுவுவது. கதவு இறுக்கமாக இருக்கிறது என்று வீட்டை இடித்துக் கட்டுவதைப் போன்றது இது. ஓராண்டு எழுதிச் சேர்த்த குறிப்புகளும் புகைப்படங்களும் அதோடு போய்விடும். மாற்றவேண்டியிருந்தது ஒரே ஒரு வரியாக இருக்கும்.

அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், கோப்பின் வகையைக் கணிப்பொறி எப்படி அறிகிறது என்று பார்ப்போம்.

பலகையும் பயணிகளும்

திண்டிவனத்தில் பேருந்துக்கு நிற்கிறீர்கள். வரும் வண்டி எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? நெற்றியில் உள்ள பலகையைப் பார்ப்பீர்கள். கோப்புக்கும் அப்படி ஒரு பலகை உண்டு. பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைத்து, பிடிஎஃப், ஜேபிஜி, எம்பி3 என்று சில எழுத்துகள் இருக்கின்றன அல்லவா? அந்த வால்தான் பலகை.

ஆனால் பலகையை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். விழுப்புரம் போகும் வண்டியில் செஞ்சி என்று பலகை மாட்டிவிட்டால் வண்டி செஞ்சிக்குப் போய்விடுமா? உள்ளே ஏறிப் பயணிகளின் சீட்டைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கோப்பிலும் உள்ளே பார்க்க வழி உண்டு. பெரும்பாலான கோப்பு வகைகள் தம் முதல் சில பைட்டுகளில் ஓர் அடையாளத்தை வைத்திருக்கின்றன. பிடிஎஃப் கோப்பைப் பிரித்தால், முதலில் ஒரு சதவீதக் குறி, அடுத்துப் பி, டி, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். பிஎன்ஜி படமானால் முதல் பைட்டு 137 என்ற எண். பிறகு பி, என், ஜி. ஜேபிஜி படம் 255, 216 என்ற இரண்டு எண்களுடன் தொடங்கும். இவற்றைக் கணிப்பொறியாளர்கள் 'மாய எண்கள்' என்று அழைக்கிறார்கள். மாயம் ஒன்றும் இல்லை; எல்லாரும் கூடி ஒப்புக்கொண்ட அடையாளம்தான்.

லினக்ஸ் பணிமேடைகள் பொதுவாக முதலில் பலகையைப் பார்க்கின்றன. பலகை தெளிவாக இருந்தால் அதையே நம்பிவிடுகின்றன. பலகையே இல்லாவிட்டாலோ, ஒரே வாலை இரண்டு வகைகள் பங்கிட்டுக்கொண்டாலோ உள்ளே எட்டிப் பார்க்கின்றன. ஆயிரம் கோப்புகள் உள்ள அடைவில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் ஆகுமே. அதனால்தான் இந்த ஏற்பாடு.

பின்கோடு போன்ற ஒரு பெயர்

வகையைக் கண்டுபிடித்தாயிற்று. இனி அதற்கு எல்லாரும் ஏற்கும் ஒரு பெயர் வேண்டும். நம் நாட்டில் 1972 ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் துறை பின்கோடு முறையைக் கொண்டுவந்தது. திண்டிவனம் 604001. விழுப்புரம் 605602. புதுச்சேரி 605001. முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் பெரிய வட்டாரத்தைக் குறிக்கின்றன. கடைசி மூன்று குறிப்பிட்ட அஞ்சலகத்தை. விழுப்புரமும் புதுச்சேரியும் 605 என்ற ஒரே வட்டாரத்தில் இருப்பதையும், நடுவிலே ஒரு மாநில எல்லை இருப்பதைப் பற்றிப் பின்கோடு கவலைப்படாததையும் கவனியுங்கள்.

கோப்பு வகைகளின் பெயரும் இப்படி இரண்டு பகுதி கொண்டது. முதலில் பெரிய இனம், ஒரு சாய்கோடு, பிறகு குறிப்பிட்ட வகை. பிஎன்ஜி படத்தின் பெயர் 'இமேஜ்/பிஎன்ஜி'. வெறும் எழுத்துக் கோப்பு 'டெக்ஸ்ட்/பிளெயின்'. எம்பி3 பாட்டு 'ஆடியோ/எம்பெக்'. பிடிஎஃப் 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்'. இதற்கு மைம் வகை என்று பெயர்.

இந்தப் பெயர்கள் மின்னஞ்சலுக்காகப் பிறந்தவை. முன்பெல்லாம் மின்னஞ்சலில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அனுப்ப முடிந்தது. படம், ஒலி, தமிழ் எதுவும் போகாது. நாதனியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் இதற்கு ஒரு முறை வகுத்து 1992-இல் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய அஞ்சலில், அவரும் நண்பர்களுமாக நால்வர் சேர்ந்து பாடிய பாட்டும் அவர்களுடைய படமும் இணைக்கப்பட்டிருந்தன. வந்து சேரும் இணைப்பு படமா பாட்டா என்று பெறும் கணிப்பொறிக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதற்காக ஒட்டிய சீட்டுதான் மைம் வகை. பிறகு அதை இணைய உலாவிகளும் எடுத்துக்கொண்டன. லினக்ஸ் பணிமேடைகளும் எடுத்துக்கொண்டன.

ஒரே லினக்ஸ், பல பணிமேடைகள்

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. விண்டோஸ் என்றால் திரையின் தோற்றம் ஒன்றுதான். லினக்ஸில் அப்படி இல்லை. அடியில் உள்ள இயங்குதளம் ஒன்று. மேலே விரிக்கும் பணிமேடை பல. கேடிஇ 1996-இல் தொடங்கியது, குனோம் 1997-இல். பழைய கணிப்பொறிகளுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ, பின்னால் வந்த எல்எக்ஸ்டிஇ, மாத்தே, சினமன் என்று வரிசை நீளும். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்ததை உங்கள் அண்ணனோ அக்காவோ சொல்லக்கூடும். பாஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல ஆண்டுகளாகக் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. அப்படிப்பட்ட வகுப்பு ஒன்றில் பத்துப் பேர் தங்கள் கணிப்பொறிகளைத் திறந்தால், ஐந்து விதமான பணிமேடைகளைப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் ஒவ்வொரு பணிமேடையும் தன் இயல்பு நிரல்களைத் தன் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைத்தது. கேடிஇ-யில் செய்த மாற்றம் குனோமுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு கணக்குப் புத்தகம்! 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீடெஸ்க்டாப் என்ற அமைப்பு தோன்றியது. எல்லாப் பணிமேடைகளும் பொதுவாகப் பின்பற்றவேண்டிய விதிகளை அது எழுதத் தொடங்கியது. அதன் பழைய பெயரான எக்ஸ் டெஸ்க்டாப் குரூப் என்பதன் சுருக்கம் எக்ஸ்டிஜி. கீழே வரும் கட்டளைகளின் தலையில் அந்த மூன்று எழுத்துகள் நிற்பதைக் காண்பீர்கள்.

விதி இதுதான். ஒவ்வொரு நிரலும் நிறுவப்படும்போது, 'டெஸ்க்டாப்' என்ற வால் கொண்ட ஒரு சிறிய எழுத்துக் கோப்பைப் பொது அடைவில் வைக்கிறது. அது அந்த நிரலின் அறிமுகச் சீட்டு. நிரலின் பெயர், சின்னம், இயக்கும் கட்டளை ஆகியவற்றோடு, "என்னால் இன்னின்ன மைம் வகைகளைத் திறக்க முடியும்" என்ற வரியும் அதில் இருக்கும். கிம்ப் தன் சீட்டில் பிடிஎஃப்பையும் எழுதியிருக்கிறது. அது பொய்யில்லை, கிம்புக்குப் பிடிஎஃப்பைப் படமாக்கத் தெரியும். ஆனால் 'திறக்க முடியும்' என்பது வேறு, 'நானே திறப்பேன்' என்பது வேறு. இயல்பு நிரல் யார் என்று தெளிவாக எழுதிவைக்காத கணிப்பொறியில், முடியும் என்று கைதூக்கியவர்களுள் ஒருவர் எழுந்து வந்துவிடுகிறார். திண்டிவனத்து மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

யார் சொல் செல்லும்?

தெளிவாக எழுதிவைக்கும் இடத்தின் பெயர் 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்'. இதுவும் வெறும் எழுத்துக் கோப்புதான். உங்கள் இல்ல அடைவுக்குள் 'புள்ளி கான்ஃபிக்' என்ற மறைந்த அடைவில் இருக்கும். இதே பெயரில் வேறு இடங்களிலும் கோப்புகள் இருக்கலாம். கணிப்பொறியை நிர்வகிப்பவர் ஒன்று வைத்திருக்கலாம். லினக்ஸை உங்களுக்கு வழங்கியவர்கள் ஒன்று வைத்திருக்கலாம். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால்? முதலில் பயனரின் கோப்பு, அடுத்து நிர்வாகியினுடையது, கடைசியில் வழங்கியவர்களுடையது. நம் அலுவலக வழக்கத்திற்கு நேர்மாறாக, மிகவும் பக்கத்தில் இருப்பவருடைய சொல்லே செல்லுபடியாகும்! மாணவர்களுக்கு இது மிகவும் சாதகமான விதி. பொதுக் கணிப்பொறியில்கூட, அடுத்தவருடைய ஏற்பாட்டைக் கலைக்காமல் உங்களுடையதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு படியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்பின் பெயருக்கு முன்னால் பணிமேடையின் பெயரும் சேர்ந்து, 'கேடிஇ-மைம்ஆப்ஸ்.லிஸ்ட்', 'குனோம்-மைம்ஆப்ஸ்.லிஸ்ட்' என்று இருந்தால், அந்தப் பணிமேடையில் நுழையும்போது அதுவே முதலில் படிக்கப்படும். ஒரே கணிப்பொறியில் கேடிஇ-யில் நுழைந்தால் ஆக்குலர் என்ற நிரலும், குனோமில் நுழைந்தால் எவின்ஸ் என்ற நிரலும் பிடிஎஃப்பைத் திறப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அது கோளாறு அல்ல, திட்டமிட்ட ஏற்பாடு. எல்லாப் பணிமேடைகளிலும் ஒரே நிரல்தான் வேண்டும் என்று நினைப்பவர், பணிமேடைப் பெயர் சேராத தம் சொந்தக் கோப்பில் எழுதிவிட்டால் போதும்.

சரிசெய்யும் முறை

இனிச் செய்து பார்ப்போமா? கட்டளைகளின் ஒலிப்பை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். கணிப்பொறியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யவேண்டும்; நீண்ட சீட்டுப் பெயரில் வரும் 'எவின்ஸ்' என்பதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து.

முனையத்தைத் திறந்து, முதலில் கோப்பின் வகையைக் கேளுங்கள்:

எக்ஸ்டிஜி-மைம் கொயரி ஃபைல்டைப் புத்தகம்.பிடிஎஃப்

'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று விடை வரும். வேறு விடை வந்தால், நிரலைக் குறை சொல்வதற்கு முன் கோப்பின் வாலைப் பாருங்கள். அடுத்து, அந்த வகைக்கு இப்போது யார் பொறுப்பு என்று கேளுங்கள்:

எக்ஸ்டிஜி-மைம் கொயரி டிஃபால்ட் அப்ளிகேஷன்/பிடிஎஃப்

கிம்பின் அறிமுகச் சீட்டின் பெயர் வந்தால் குற்றவாளி அகப்பட்டார். இப்போது பொறுப்பை மாற்றுங்கள்:

எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட் ஆர்க்.குனோம்.எவின்ஸ்.டெஸ்க்டாப் அப்ளிகேஷன்/பிடிஎஃப்

பொறுப்பை ஏற்கும் நிரலின் சீட்டுப் பெயர் முன்னால், வகை பின்னால். ஆக்குலரை விரும்புபவர் அந்த இடத்தில் 'ஆர்க்.கேடிஇ.ஆக்குலர்.டெஸ்க்டாப்' என்று எழுதலாம். பிறகு உங்கள் மைம்ஆப்ஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். 'டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்' என்ற தலைப்பின் கீழ், மைம் வகை, சமக்குறி, சீட்டின் பெயர் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் நம் பாயிண்ட்.

முனையம் பிடிக்காதவர்கள் சுட்டியாலும் செய்யலாம். குனோமில் கோப்பின் மேல் வலது சொடுக்கு, 'இதைக் கொண்டு திற', வேண்டிய நிரல், 'எப்போதும் இதையே பயன்படுத்து'. கேடிஇ-யின் அமைப்புகளில் கோப்புத் தொடர்புகள் என்ற பக்கம் உண்டு. அங்கே நிரல்கள் வரிசையாக நிற்கும், முதலில் நிற்பவரே இயல்பு நிரல். எக்ஸ்எஃப்சிஇ-யில் இயல்பு நிரல்கள் என்ற அமைப்புப் பக்கம். வழி எதுவானாலும், முடிவில் எழுதப்படுவது அதே மைம்ஆப்ஸ்.லிஸ்ட்தான். முனைய வழியைக் கற்றுக்கொண்டால் எந்தப் பணிமேடைக்குப் போனாலும் உதவும் என்பது என் கருத்து.

இவ்வளவு செய்தும் பலிக்கவில்லையா? சீட்டின் பெயரைச் சரிபாருங்கள். எவின்ஸின் சீட்டு முன்னொரு காலத்தில் வெறும் 'எவின்ஸ்.டெஸ்க்டாப்' என்றிருந்தது; பிற்பாடு நீண்ட பெயருக்கு மாறியது. பழைய குறிப்பைப் பார்த்து எழுதினால், இல்லாத ஆளுக்குக் கடிதம் போட்டதாகும். லினக்ஸ் குறை சொல்லாமல், பேசாமல் அடுத்தவரிடம் போய்விடும். அப்படிப் பேசாமல் போவதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காத பகுதி. இன்னொன்று, எக்ஸ்எஃப்சிஇ தன் விருப்ப உலாவியைத் தனியே வேறொரு கோப்பிலும் குறித்துவைக்கிறது. இணைய இணைப்புகள் மட்டும் தவறான உலாவியில் திறந்தால் அங்கேயும் பார்க்கவேண்டும்.

வேடிக்கையான கோளாறு ஒன்று உண்டு. உலாவியில் ஒரு கோப்பை இறக்கிவிட்டு 'அடைவைத் திற' என்றால், அடைவுக்குப் பதில் நிரல் எழுதும் திருத்தி ஒன்று வந்து நிற்கும். காரணம் என்ன? லினக்ஸில் அடைவுக்கும் ஒரு மைம் வகை உண்டு: 'ஐநோட்/டைரக்டரி'. "என்னால் அடைவையும் திறக்க முடியும்" என்று அந்தத் திருத்தியும் கைதூக்கியிருக்கிறது. மருந்து முன்னே சொன்னதுதான். பிடிஎஃப்பின் இடத்தில் இந்த வகையையும், சீட்டின் இடத்தில் உங்கள் கோப்பு மேலாளரின் சீட்டையும் எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பிஎன்ஜி படத்தைப் படியெடுத்து, அந்தப் படியின் வாலைப் பிடிஎஃப் என்று மாற்றுங்கள். மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். முனையத்தில் 'ஃபைல்' என்ற கட்டளையால் அதன் வகையைக் கேளுங்கள். ஃபைல் பலகையைப் பார்ப்பதில்லை. உள்ளே மட்டும் பார்க்கும். எனவே பிஎன்ஜி படம் என்று உண்மையைச் சொல்லிவிடும். இப்போது அதே கோப்பை எக்ஸ்டிஜி-மைம் கட்டளையால் கேளுங்கள். குனோமில் பிடிஎஃப் என்று விடை வரும். எந்தப் பணிமேடையும் இல்லாமல் வெறும் சாளர மேலாளரை மட்டும் வைத்திருக்கும் கணிப்பொறியில், அதே கட்டளை பிஎன்ஜி என்று சொல்லக்கூடும். ஏனெனில் அங்கே அது ஃபைல் கட்டளையையே கேட்டுச் சொல்வது உண்டு. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள இரண்டு நண்பர்கள் ஒரே கேள்விக்கு இரண்டு விடை பெற்றால், இருவருமே சரியாகச் செய்திருக்கலாம். முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பைச் சொடுக்குவதற்கு முன் ஃபைல் கட்டளையால் ஒருமுறை உள்ளே பார்ப்பது நல்ல பழக்கம். வினாத்தாள் என்று பலகை மாட்டிக்கொண்டு வருவதெல்லாம் வினாத்தாளாக இருப்பதில்லை.

அடுத்த சோதனைக்கு லிபர்ஆபீஸில் 'வணக்கம்' என்று எழுதி ஓடிடி வகையில் சேமியுங்கள். அதைப் படியெடுத்து வாலை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஒரு கோப்பு என்று நினைத்தது, பல கோப்புகளைக் கட்டிவைத்த மூட்டை என்று தெரியவரும். அதற்குள் 'மைம்டைப்' என்ற பெயரில், வால் இல்லாத ஒரு சின்னஞ்சிறு கோப்பு இருக்கும். அதை எழுத்துத் திருத்தியில் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.